வாயைத் திறந்து பார், தம்பி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சுகர் பரவாயில்லை. தங்கச்சி சோதனை எழுதிவிட்டு முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்றப் புதினங்களைப் போனில் கதைக்கலாம். இது போனில் கதைக்க முடியாத விஷயம். நான் தொடங்கினால் நீ "சிக்னல் இல்லை" என்பாய்.

வேல் திருவிழாவுக்கு வந்து நின்றபோது நீ குழம்பைத் தொடாமல் சொதியை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டதையும், பாணைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாய்க்குள் வைத்ததையும் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்கவில்லை. உன் சைட்டில் இரவு வேலை செய்யும் பொடியளுக்காகத்தான் எழுதுகிறேன். நித்திரை வராமல் இருக்கப் பாக்கும், புகையிலை கலந்த பாக்குக் கலவைகளான பாபுலும் மாவாவும் கொடுப்புக்குள் அடக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். இந்த வயதில் அத்தனை பேருக்குப் பொறுப்பாக நிற்கிறாய். அது எங்களுக்குப் பெருமை. ஆனால் ஹெல்மெட் போட்டானா என்று பார்க்கிற பொறுப்பாளன், அவன் வாயையும் ஒரு தரம் பார்க்க வேண்டாமா?

பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாள் போதும். முதலில் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலைச் சாயம் இருந்தால் ஒன்றும் தெரியாது. கட்டுப்பல் இருந்தால் கழற்ற வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று போன் டோர்ச்சை வாய்க்குள் அடி. மேல் சொண்டைத் தூக்கியும் கீழ்ச் சொண்டை இழுத்தும் உட்பக்கத்தைப் பார். விரலால் கன்னத்தை வெளியே இழுத்து, முரசும் கன்னமும் சேருகிற மடிப்பு வரை பார். மென்ற வெற்றிலை பாக்கு உருண்டையை, அதாவது விட்டத்தை, அடக்குகிற இடம் அதுதான். அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவதும் அந்த மடிப்பைத்தான். பிறகு நாக்கை நீட்டி, நுனியைக் கைலேஞ்சியால் பிடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் இழுத்து, ஓரத்தைக் கடைசிக் கொடுப்புப் பல் வரைக்கும் பார். நாக்கை மேலே தூக்கி அடித்தளத்தைப் பார். தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தைப் பார். கண்ணால் பார்த்தது போதாது, கை கழுவிவிட்டு விரலால் தடவு. மென்மையாக இருக்க வேண்டிய இடம் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா என்பது விரலுக்குத்தான் விளங்கும். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் அழுத்திப் பார்.

முதன்முதல் பார்ப்பவர்கள் பயப்படுகிற சில சங்கதிகள் உண்டு. நாக்கின் மேற்பரப்பில் பின்பக்கமாக வரிசையாக நிற்கும் பெரிய முகைகள் எல்லோருக்கும் இருப்பவை. சொண்டிலும் கன்னத்திலும் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பற்கள் சேரும் உயரத்தில் கன்னத்தில் ஓடும் வெள்ளைக்கோடு கடிபடுவதால் வருவது. அண்ணத்தின் நடுவில் எலும்புப் புடைப்பு பலருக்கு உண்டு. நாக்கில் சிவந்த திட்டுகள் வெள்ளை விளிம்போடு இடம் மாறி மாறி வந்தால் அதுவும் கெடுதல் இல்லை. கீழ்ச் சொண்டில் நீலம் பாய்ந்த மெல்லிய நீர்க்கட்டி, கடிபட்ட உமிழ்நீர்ச் சுரப்பியால் வருவது. உடைந்து திரும்பத் திரும்ப வந்தால் சின்னச் சத்திரசிகிச்சையில் எடுத்துவிடலாம்.

இனிப் புண்கள். சாதாரண வாய்ப்புண் சொண்டின் உட்பக்கம், கன்னம், நாக்கின் அடி போன்ற மென்மையான இடங்களில் வரும். நடுவில் மங்கல் மஞ்சள், சுற்றிச் சிவப்பு வளையம், ஒரு சென்ரிமீட்டருக்கும் குறைவு, வலி அதிகம். ஏழு முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறும். அடிக்கடி வந்தால் இரத்தத்தில் இரும்பு, பி12, போலிக் அமிலம் பார்க்க வேண்டும். ஒரு சென்ரிமீட்டருக்கு மேல் பெரிதாக வந்து வாரக்கணக்கில் நிற்பதும் தழும்பு விடுவதும் வேறு வகை, காட்டத்தான் வேண்டும். சொண்டின் விளிம்பில் முதலில் ஊறல், பிறகு கூட்டமாக நீர்க்கொப்புளம், பிறகு பொருக்கு என்றால் அது ஹெர்பீஸ் வைரஸ். மருந்து ஊறல் தொடங்கின உடனே பாவித்தால்தான் பலன். கொப்புளம் உடைந்தபின் பூசுவது காசுக்கு நட்டம். உடைந்த பல்லின் கூர் குத்தி வரும் புண் அந்தக் கூரை அராவிவிட்டால் இரண்டு கிழமையில் ஆற வேண்டும். ஆறாவிட்டால் பல்லின் மேல் பழி போடுவதை நிறுத்த வேண்டும்.

பல்வலிக்கு டிஸ்பிரின் குளிசையை முரசோடு வைத்து அடக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிலுள்ள அமிலம் சதையை வெள்ளையாக அவித்துவிடும். குளிசையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், வாயில் அடக்கக் கூடாது. கராம்பு எண்ணெயை நிறைய விட்டாலும் சுண்ணாம்பு கூடினாலும் இதே கதைதான்.

வெள்ளையாக எது தெரிந்தாலும் ஒரு காஸ் துணியால் துடைத்துப் பார். துடைக்க வந்து, அடியில் சிவந்து கிடந்தால் பெரும்பாலும் பங்கசு. சுகர் உள்ளவர்கள், இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள், அன்டிபயோட்டிக் எடுத்தவர்களுக்கு வரும். கட்டுப்பல்லோடு நித்திரை கொள்கிறவர்களுக்கு அது அண்ணத்தில் தட்டின் அளவுக்குச் சிவப்பாக நிற்கும். அப்பாவுக்கு இருப்பது அதுதான். இரவில் கழற்றித் தண்ணீரில் போடச் சொல்லி எத்தனை தரம் சொல்கிறேன், உன் அப்பா கேட்டால்தானே. நீயும் அவரைப்போலத்தான்.

துடைக்க வராத வெள்ளைதான் யோசிக்க வேண்டியது. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி வெள்ளை வலைப்பின்னல் என்றால் லைக்கன் பிளேனஸ் என்ற நோயாக இருக்கலாம். டொக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் விட்டம் வைக்கிற இடத்தில், தடித்த வெள்ளைப் படலம் நின்றால் அது லூகோபிளேக்கியா. எல்லாம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிக்கிற பயொப்சிதான் சொல்லும். வெள்ளைக்கு நடுவே சிவப்பு கலந்திருந்தால் ஆபத்துக் கூட. வெல்வெட் துணிபோலத் தனிச் சிவப்புத் திட்டு எல்லாவற்றையும் விட மோசம். சொட்டும் வலிக்காது, பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பயொப்சி செய்யும்போதே புற்றுநோயாகவோ அதற்கு மிக நெருங்கின நிலையிலோதான் இருக்கின்றன.

வலிக்கவில்லை என்று இருந்துவிடாதே. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வாயில் வலிப்பது பெரும்பாலும் ஆறுகிற புண். வலிக்காமல் கெட்டியாக, விளிம்பு தடித்து, தொட்டால் இரத்தம் கசிந்து, இரண்டு கிழமை தாண்டி நிற்பதுதான் பயப்பட வேண்டிய புண். பெரியமாமா வலி வந்த பிறகுதான் காட்டினார், உனக்குத் தெரியும். இதோடு வேறு அடையாளங்களும் உண்டு. காரணமில்லாமல் ஒரு பல் மட்டும் ஆடுவது, பிடுங்கின பல்லின் குழி மூடாமல் கிடப்பது, கீழ்ச் சொண்டு விறைத்துக் கிடப்பது, விழுங்கும்போது காதுக்குள் குத்துவது, கழுத்தில் வலியில்லாத கெட்டிக் கட்டி. காய்ச்சலோடு வரும் நெறி தொட்டால் நோகும், கிழமையில் வடியும். இது நோகாது, வடியாது. இங்கே நடக்கிற பெரிய பிழை, ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதும், பார்மசியில் ஜெல் வாங்கி மாதக்கணக்கில் பூசுவதும். ஜெல் வலியை மரக்கச் செய்யும், நாளைக் கடத்தும், வேறொன்றும் செய்யாது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயில்தான் என்பதை அந்தப் பொடியளுக்குச் சொல்லு.

இப்போது பாக்கு. "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று அவர்கள் சொல்வார்கள். நீயும் சொல்லக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலை விட்டமும் பாக்கும் தனித்தனியே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலில் வைத்தார்கள். புகையிலை கலந்த மெல்லும் பொருட்கள் 2016இல் இங்கே தடைசெய்யப்பட்டும் பெட்டிக் கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். வெறும் பாக்கைத் தடுப்பார் யாரும் இல்லை.

பாக்கு செய்கிற இன்னொரு வேலை புண்ணாகவே தெரியாது. அதிலுள்ள அரிக்கோலின் என்ற இரசாயனம் கன்னத்துச் சதையின் அடியில் நாரைக் கூட்டுகிறது. அதிலுள்ள செம்பு அந்த நாரை இறுக்கிப் பிணைக்கிற நொதியைத் தூண்டுகிறது. தொடக்கத்தில் உறைப்பும் சூடும் தாங்காது, வாய் எரியும், குழம்பு வேண்டாம், சொதி போதும் என்று தோன்றும். பிறகு கன்னமும் அண்ணமும் வெளிறிப்போகும். விரலால் தடவினால் மேலிருந்து கீழாகக் கயிறு கயிறாகத் தட்டுப்படும். பிறகு வாய் திறக்காது. விசிலடிக்க, நாக்கை நீட்ட, பெரிய கவளம் வைக்க முடியாது. பாணைப் பிய்த்துத்தான் வைக்க வேண்டும். பற்தூரிகை உள்ளே போகாததால் கொடுப்புப் பல் சூத்தையாகும். இதற்குப் பெயர் சப்மியூக்கஸ் பைப்ரோசிஸ். இளம் பொடியளுக்கும் வருகிறது. இதிலிருந்து சிலருக்குப் புற்றுநோயும் வருகிறது.

அளந்து பார்ப்பது சுலபம். உன்னுடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே வை. மூன்றும் போனால் நல்லது. இரண்டுதான் போகிறது என்றால் காட்ட வேண்டும். அடிமட்டத்தால் அளந்தால் 35 மில்லிமீட்டருக்குக் கீழே குறைவு, 20க்குக் கீழே மோசம். இறுகின நார் தானாக இளகி வராது. ஆனால் பாக்கை விட்டால் எரிவு குறையும், மேலும் இறுகுவது மெதுவாகும். மீதியைத் திறக்க வைக்க வழி இருக்கிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். ஒரு நாளில் பல தரம் செய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சரிப்படுத்துவார்கள். ஸ்டீரொயிட் ஊசியைக் கன்னத்துக்குள் போடுவார்கள். மிகவும் இறுகிவிட்டால் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகும் பயிற்சியை விட்டால் திரும்ப மூடும். இவ்வளவும் பாக்கை முழுதாக விட்டவனுக்குத்தான். குறைத்துப் போடுகிறேன் என்பவனுக்கு ஒரு மருந்தும் சரிவராது.

நீ கெட்டிக்காரன், தம்பி. சின்ன வயதிலிருந்து ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டாய். இந்த ஒன்றில் மட்டும் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாய் என்று எனக்கு விளங்கவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற பழக்கம் உனக்கு முன்பு இருக்கவில்லை. சரி, கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை. மூன்று விரலும் போகிறதா என்று மட்டும் எழுது. அல்லது தங்கச்சிக்கு மெசேஜ் போடு, அவள் என்னிடம் சொல்லுவாள்.

போகாவிட்டால் கிளிநொச்சியில் யாரிடமும் காட்டிப் பேர் கெடும் என்று நீ யோசிக்கத் தேவையில்லை. ஞாயிறு இரவு பஸ் ஏறு, திங்கள் விடிய வெள்ளவத்தையில் இறங்கலாம். வார்ட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கு வெள்ளனப் போய்த் துண்டு எடுத்தால் வெளிநோயாளர் பிரிவில் பார்த்து, தேவையென்றால் வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். காசு இல்லை. பயொப்சி என்றால் பயப்படாதே. விறைப்பூசி போட்டுச் சில மில்லிமீட்டர் சதை எடுத்து ஓரிரு தையல் போடுவார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று சைட்டில் யாராவது சொன்னால் நம்பாதே. அப்படி நம்பி இருந்தவர்கள்தான் பிந்திப்போய் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறார்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வெறும் வயிறு தேவையில்லை. ஏதாவது குளிசை எடுக்கிறாய் என்றால் அட்டையைக் கையோடு கொண்டு வா. என்ன போடுகிறாய், எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எத்தனை தரம், எந்தக் கொடுப்பில் அடக்குகிறாய், இரவில் அதோடு நித்திரை கொள்கிறாயா என்று டொக்டர் கேட்பார். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லு. என்னிடம் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்,
அம்மா