ஊசி குத்திய எனக்குக் கிடைத்த மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒருநாள் இரவுப் பணியில், ஹெச்.ஐ.வி. உள்ள நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி என் இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே பணி மருத்துவர் தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையோடு வந்துவிட்டார். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல் படுத்தி எடுத்தது. ஆனால் பைசா செலவில்லை. கடைசிப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை.

அதே வளாகத்தில், ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வருவார். விசைத்தறித் தொழிலாளி. கணவர் லாரி ஓட்டுநர். வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். ஒவ்வொரு முறையும் ‘தொற்று இல்லை’ என்றே முடிவு வரும். நாங்கள் ஆணுறைப் பாக்கெட்டை நீட்டுவோம். அவர் வாங்க மாட்டார். “இதை வீட்டில் வைத்தால், உனக்கு எதற்கடி இது என்றுதான் கேட்பார், சிஸ்டர். எனக்கென்று மாத்திரை ஏதும் இல்லையா?”

இருக்கிறது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடாபின் இரண்டும் சேர்ந்த மாத்திரை, ‘பிரெப்’ என்பார்கள். தொற்று வருமுன்பே தினம் ஒன்று சாப்பிட வேண்டும். 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம், தொற்று அபாயம் மிகுந்த எல்லோருக்கும் இதைப் பரிந்துரைத்தது. நம் நாட்டு நிறுவனங்களே தயாரித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகின்றன. அந்தப் பெண்ணிடமோ, வெளியே மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. நானே போய் விசாரித்தேன். மாதத்துக்கு நான்கு இலக்கத்தில் விலை சொன்னார்கள். தறிக்கூலியில் அவர் எங்கே போவார்?

மாத்திரை கொடுத்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களே சொன்னதுண்டு. என் விரலில் ஊசி ஏறிய அன்று என் ஒழுக்கத்தை ஒருவரும் விசாரிக்கவில்லையே.

பிரெப் மாத்திரையைத் தொடங்கத் தேவையான ஹெச்.ஐ.வி., சிறுநீரகம், மஞ்சள் காமாலை ‘பி’ பரிசோதனைகள் எங்கள் ஆய்வகத்தில் தினமும் நடந்தவைதான். மாத்திரையை நம்பிக்கை மையத்திலேயே கொடுக்கலாம். ஹெச்.ஐ.வி. நோயாளிகள் சிகிச்சை மருந்து வாங்கும் கூட்டு மருந்து மைய வரிசையில் நிற்கச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போல வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவதும் இதற்குச் சரிவராது, தெருவே அறிந்துவிடும். டப்பாவில் அடைத்தும் தர வேண்டாம். பைக்குள் மாத்திரை குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து பஞ்சு திணித்துக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையாகக் கொடுத்தால் போதும்.

இதே தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசியும் இப்போது வந்துவிட்டது. 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. வீட்டில் ஒரு பாக்கெட்டைக்கூட வைக்க முடியாத பெண்ணுக்கு இதைவிடத் தோதானது இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாத்திரையை இப்போதே வாங்கத் தொடங்க வேண்டும். ஊசிக்கும் இன்றே திட்டமிட வேண்டும். நான் ஓய்வு பெற்ற மாதம்வரை அந்தப் பெண் வந்துகொண்டுதான் இருந்தார்.

அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
நாமக்கல் மாவட்டம்