மாராப்ப சரி பண்ணிட்டு எடு

பாப்பா,

நீ வாட்ஸ்அப்ல அனுப்புன போட்டோவ நேத்து ராத்திரி உங்கம்மா தூங்குனப்பறம் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்துக்கிட்டே இருந்தேன். பட்டாசு விபத்துல மகனப் பறிகுடுத்த அந்தம்மா ஆஸ்பத்திரி தரையில விழுந்து அழுகுறது, பாத்ததும் நெஞ்ச அடைச்சிருச்சு, வெளிச்சத்த நீ புடிச்ச விதத்துல ஒரு குறையும் இல்ல தாயி. ஆனா அந்தம்மாவுக்கு மாராப்பு வெலகிக் கெடக்கு. உன் கண்ணுல படலையா?

நான் ஸ்டுடியோ வச்சிருந்தப்ப பாதிப் பொழப்பு கேத வீடுதான். செத்தவுகள நாற்காலில சாத்தி, தாடையக் கட்டி, நெத்தில ஒத்த ரூபா வச்சு, சொந்தக்காரவுக சுத்தி நிப்பாக. அவுக கூப்புட்டுத்தான் போவோம். ஒருக்கா மேலூர் பக்கம் ஒரு ஊரு, பிரசவத்துல போன பிள்ள, இருபது வயசு இருக்கும், பொழுது சாயுதேங்குற அவசரத்துல நான் யாஷிகா கேமராவக் குனிஞ்சு போகஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன், அந்தப் பிள்ளையோட ஆத்தா ஒப்பாரிய நிப்பாட்டிட்டு எந்திரிச்சு வந்து "இருப்பா"ன்னு சொல்லி மக மாராப்ப இழுத்துவிட்டு, எச்சிலத் தொட்டு நெத்தி முடிய ஒதுக்கிட்டு, "இப்ப எடு"ன்னுச்சு. கை நடுங்கிருச்சு எனக்கு. அதுவரைக்கும் வெளிச்சத்த மட்டுந்தான் பாத்திருக்கேன்.

2004 சுனாமில கடலூர்ல ஆர்கோ தத்தா எடுத்த படம் பாத்திருப்ப, அந்த வருஷத்து வேர்ல்ட் பிரஸ் போட்டோ முதல் பரிசு. ஒரு பொம்பள மணல்ல விழுந்து கெடக்கும், உள்ளங்கை ரெண்டும் மேல பாத்திருக்கும், செத்தவுக கை மட்டும் ஓரத்துல தெரியும். அம்புட்டுதான், அதுவே தாங்க முடியல.

1993ல சூடான்ல கெவின் கார்ட்டர் எடுத்தாரே, பசியில சுருண்ட பிள்ளையும் பின்னாடி பிணந்தின்னிக் கழுகும், அந்தப் படத்தப் பாத்துத்தான் பல பேருக்கு அந்தப் பஞ்சமே தெரிஞ்சுச்சு, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசும் குடுத்தாக. ஆனா சனம் கேட்டதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னுதான். கழுக வெரட்டிவிட்டேன்னாரு. பொம்பளப் பிள்ளன்னே எழுதிக்கிட்டு இருந்தாக, பையன்னு பல வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு, பேர் கேக்க ஆளில்ல பாரு.

எடுக்காதன்னு சொல்லல தாயி, எடுக்காட்டி செத்த கணக்கையே மறைச்சிருவாங்க. ஆனா அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தம்மாவப் போய்ப் பாரு, படத்தக் காட்டு, வேணாம்னா விட்டுரு. தனியாப் போக ஒரு மாதிரி இருந்தா சென்னையில ராத்திரி பஸ் ஏறு, விடிகாலைல மாட்டுத்தாவணில நிக்கிறேன், சிவகாசிக்குச் சேந்தே போவோம்.

அப்பா