பைபர் படகு வேலைக்குக் கூரையிட்ட இடம் கோரி மனு

அனுப்புநர்:
பைபர் படகு ரிப்பேர், பாலிஷ் தொழிலாளர்கள்,
வெர்சோவா, அந்தேரி மேற்கு, மும்பை.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
மீன்வளத் துறை, மகாராஷ்டிர அரசு, மும்பை.

பொருள்: மீன்பிடித் தடைக்காலத்தில் பைபர் படகுகளின் ஜெல்கோட் வேலைக்குக் கூரை, தண்ணீர், பாதுகாப்பான மின் இணைப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்து, மால்வணியிலும் தாராவியிலும் குடியிருந்துகொண்டு, வெர்சோவா கரையில் படகு வேலை செய்து பிழைக்கிறோம். படகுகள் இங்கத்திய மீனவச் சமூகமான கோளி மக்களுடையவை, கைவேலை எங்களுடையது. படகுக்காரர்களும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பைபர் படகின் மேல்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். வெயிலில் கிடந்து கிடந்து நிறம் வெளுத்து, கை வைத்தால் சுண்ணாம்புச் சுவர் போல மாவு ஒட்டும். அந்த மாவின் மேல் பெயின்ட் நிற்காது. 'ஐஎன்டி எம்எச்' என்று தொடங்கும் பதிவு எண்ணை எழுதினாலும் உரிந்துவிடுகிறது. கடலில் சோதனைக்கு நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் படகை நடத்தும் தாண்டேல்தான்.

உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஓர் ஓரத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்போம். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் தெரிந்தால் ஜெல்கோட் மிச்சமிருக்கிறது, மீட்டுவிடலாம். 800 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பஃபிங் மெஷினில் கம்பளி பேடு போட்டு காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையை ஓட்டி, கடைசியில் வாக்ஸ். விளிம்புகளில் ஓர் அழுத்து கூடினாலும் பைபர் நூல் வெளியே தெரிந்துவிடும். அப்புறம் ஜெல்கோட்டையே புதிதாகப் பூச வேண்டியதுதான்.

இதற்கு உலர்ந்த நிழல் வேண்டும். படகுகள் கரையேறுவதோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், மும்பையில் மழை கொட்டும் அதே நாட்களில். தார்ப்பாய் கட்டினால் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஈரத்தில் வாக்ஸ் பிடிப்பதில்லை. மழை விட்டபின் செய்யலாமே என்பார்கள். படகு அதற்குள் தொழிலுக்குப் போய்விடும், அக்டோபர் வெயிலில் காம்பவுண்டும் தேய்ப்பதற்குள் காய்ந்து கட்டிவிடும். நனைந்த மணலில் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து மெஷின் ஓட்டுவதைத் தாங்கள் நேரில் பார்த்தால் அன்றே நிறுத்தச் சொல்வீர்கள்.

ஆகவே, நான்கு படகுகள் நிற்கும் அளவுக்கு இரும்புத் தூண் நட்ட ஷீட் கூரையும், குழாய்த் தண்ணீரும், கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் இஎல்சிபி பொருத்திய மின் இணைப்பும் அமைத்துத் தர வேண்டுகிறோம். தேய்த்த நீர் நேரே கடலில் கலக்காமல் கசடு அடியில் தங்க ஒரு சிமென்ட் தொட்டியும் வேண்டும். பொம்பில் மீன் காயப்போடும் மூங்கில் பந்தலுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் ஒதுக்க வேண்டாம். பைபர் அறுக்கும்போது பறக்கும் தூள் மீனில் படியும். இது மீன் காயவைக்கும் அக்காமார் சொல்லிச் சேர்த்தது, நியாயமான பேச்சு. மின்கட்டணத்தையும் படகுக்கு இவ்வளவு என்று வாடகையும் கட்டச் சம்மதிக்கிறோம்.

வரும் தடைக்காலத்துக்குள் முடியாதென்றால், தற்காலிகக் கொட்டகை போட்டுக்கொள்ள எழுத்துமூலம் அனுமதி தந்தாலும் போதும். அந்தச் செலவை நாங்களும் படகுக்காரர்களும் பங்கிட்டுக்கொள்வோம். மனுவின் மராத்தி நகலும் இடத்தின் புகைப்படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெர்சோவா கரை பைபர் படகுத் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)