என்6 சமையல் படிப்பு முடிச்ச பிள்ளைங்களுக்கு ஒரு அடுப்பு குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்கால டர்பன் பீச் பக்கம் ஒரு ஹோட்டல் கிச்சன்ல 22 வருஷம் வேலை பாத்துட்டு இப்ப சாட்ஸ்வொர்த்துல கல்யாணம் காரியத்துக்கு சமைச்சு குடுக்குறேன். ரெண்டு மாசம் முன்னாடி எங்க தெரு பொண்ணு ஒண்ணு வேலை கேட்டு வந்துச்சு. டிவெட்ங்கற அரசாங்க தொழிற்கல்வி காலேஜ்ல ஹாஸ்பிடாலிட்டி, அதாவது ஹோட்டல் சமையல் படிப்பு, என்4, என்5, என்6னு மூணு நிலையும் பாஸ், ஆனா கையில டிப்ளமா இல்ல, ஏன்னா படிப்பு முடிஞ்சப்புறம் 18 மாசம் வேலை செஞ்சதா காட்டினாத்தான் அது கிடைக்கும். ஹோட்டல் ஹோட்டலா ஏறி இறங்கியிருக்கு, எல்லா இடத்துலயும் முதல் கேள்வியே எக்ஸ்பீரியன்ஸ் இருக்காங்கறதுதான். எவனும் உள்ள விடலைன்னா அது எங்க இருந்து வரும்?

சரி வாம்மான்னு 300 பேர் பிரியாணிக்கு கூட்டிட்டு போனேன். கத்தி பிடிக்கிறது, வெங்காயம் நறுக்குறது எல்லாம் அவ்வளவு சுத்தம். ஆனா பெரிய டேக்சால அரிசி எப்ப முக்கால் வேக்காடுன்னு தெரியல, பருப்ப தனியா வேக வச்சு அடுக்கணும்னு தெரியல, 12 மணிக்கு சாப்பாடு போகணும்னா காலையில எதை முதல்ல அடுப்புல ஏத்தணும்னும் தெரியல. அத தப்புன்னு சொல்ல மாட்டேன், நாலு பேருக்கு சமைச்சு மார்க் வாங்கின பிள்ளைக்கு 300 பேர் கணக்கு யார் சொல்லிக் குடுத்தா?

அதே பொண்ணுதான் என் மட்டன் கறில தெர்மாமீட்டர வச்சு பாத்துட்டு, மாமா இது 60 டிகிரிக்கு கீழ இறங்கிருச்சு, 2018ல வந்த ஆர்638ங்கற உணவு சுகாதார விதிப்படி சூடான சாப்பாடு அதுக்கு மேலதான் இருக்கணும்னு சொல்லுச்சு. இத்தனை வருஷமா நான் ஆவிய பாத்துத்தான் முடிவு பண்ணிட்டு இருந்தேன், இப்ப எனக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிட்டேன். நாலாவது வாரம் நான் சொல்றதுக்கு முன்னாடியே அரிசிய வடிச்சிரலாமான்னு கேக்குது.

ரெடியான ஆள் வேணும்னு சொல்ற ஹோட்டல் செஃப்புங்க எல்லாருமே ஒரு காலத்துல உருளைக்கிழங்கு உரிச்சு ஆரம்பிச்சவங்கதான், அத மறந்துடாதீங்க. காலேஜ் டீச்சருங்களும் பிள்ளைங்கள ஆடி மாசம் கோயில் கஞ்சி காய்ச்சுற இடத்துக்கு ஒரு விடியக்காலை கூட்டிட்டு வாங்க, கூட்டத்துக்கு சமைக்கிறதுன்னா என்னன்னு கண்ணால பாக்கட்டும். பீனிக்ஸ், டொங்காட் பக்கம் கேட்டரிங் பண்றவங்க ஆளுக்கு ஒரு பிள்ளைய சம்பளம் குடுத்து சேத்துக்கங்க, செஞ்ச வேலைக்கு லெட்டரும் எழுதி குடுங்க.

எனக்கு வேலை சனி ஞாயிறு மட்டும்தான், அத வச்சு இந்தப் பொண்ணோட 18 மாசத்த நிரப்ப முடியாது. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அவள எடுத்துக்க ஒரு கிச்சன் தேடிட்டு இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு கேட்டரிங் மாஸ்டர், சாட்ஸ்வொர்த்