பின்பக்க சஸ்பென்ஷனில் அதிர்வும் சத்தமும்: மூன்று முறை பணம் செலுத்தியும் பழுது நீங்காதது குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் நிறுவனக் காரின் உரிமையாளர், தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: தலைமை மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 26.05.2025

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் காரை ஆறாவது ஆண்டாக ஓட்டி வருகிறேன். முதல் நாளிலிருந்து தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தைத் தவிர வேறெங்கும் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்ததில்லை. கடந்த ஜனவரி முதல் அந்த மையத்தில் பின்பக்க சஸ்பென்ஷனுக்காக (சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) மூன்று முறையில் 18,410 ரூபாய் செலுத்திய பிறகும், முதல் நாள் என்ன குறையைச் சொன்னேனோ அதே குறையுடன்தான் வண்டி வாசலில் நிற்கிறது. காரணத்தைக் கண்டறியாமலேயே பாகங்களை மாற்றினார்கள் என்பதும், மாற்றியவற்றில் ஒன்றை முறைப்படி பொருத்தவில்லை என்பதும்தான் என் புகார்.

குறையை முதலில் உணர்ந்தவர் என் தாயார். முதுகுத்தண்டு வலிக்காக மாதம் இரு முறை அவரை இராமநாதபுரத்துக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். ஒரு வழிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். பின் இருக்கையில் வலப்பக்கம் உட்கார்ந்து வருபவர் ஒரு நாள் உச்சிப்புளியைத் தாண்டும்போது, "காலுக்கடியில வண்டு இரையுற மாதிரி இருக்குப்பா" என்றார். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் தொடங்கி, வேகத்தோடு கூடவே ஏறுகிற ஓர் இரைச்சல் அது. இருக்கையின் அடியிலும் மெல்லிய அதிர்வாகத் தெரிந்தது. இது தவிர, பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டொக்' என்று ஓர் அடி விழுந்தது. இரண்டும் வெவ்வேறு குறைகள் என்று ஜனவரி 20 அன்று முதல் முறை வண்டியை விட்டபோதே தங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் ஜாப் கார்டில் 'பின்பக்கச் சத்தம்' என்ற இரண்டே சொற்களை எழுதிக்கொண்டார்.

அன்று பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி 8,640 ரூபாய் பில் போட்டார்கள். பழையவற்றில் எண்ணெய்க் கசிவு இருந்ததா என்று கேட்டேன். பதிலும் வரவில்லை, பழைய பாகங்களும் என் கைக்கு வரவில்லை. இரைச்சல் அப்படியே இருந்ததால் பிப்ரவரி 14 அன்று மீண்டும் சென்றேன். வீல் பேலன்ஸிங்குக்கும் நான்கு சக்கர அலைன்மென்ட்டுக்கும் (சக்கரங்களின் கோணத்தைத் திருத்துவது) சேர்த்து 1,850 ரூபாய் வாங்கினார்கள். இந்த வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸில் பீமில் அமைந்தவை. அவற்றின் கோணத்தைத் திருத்துவதற்கான அமைப்பே அதில் கிடையாது. திருத்த முடியாததற்கு எதற்காகக் கட்டணம் வாங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதன் பிறகு நானே சில சோதனைகளைச் செய்து பார்த்தேன். இவை எந்த மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் செய்யக்கூடியவை என்பதால் இங்கே எழுதுகிறேன். விடியற்காலையில் ஆளில்லாத நேர்ச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றினேன்; இன்ஜின் அடங்கியது, இரைச்சல் அடங்கவில்லை. எனவே இன்ஜினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டயர் சீரற்றுத் தேய்ந்திருந்தாலும் இதே போன்ற இரைச்சல் வரும் என்பதால், முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினேன்; சத்தம் இடம் மாறாமல் பின்னாலேயே இருந்தது. ஸ்டியரிங்கை இலேசாக இடப்பக்கம் வளைத்தால் இரைச்சல் கூடியது, வலப்பக்கம் வளைத்தால் குறைந்தது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும் என்பதால், வலப்பக்கப் பின்சக்கரம் சுழலத் தாங்கும் ஹப் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மார்ச் 21 அன்று இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, என்னுடன் ஒரு முறை ஓட்டிப் பார்க்குமாறு வேண்டினேன். யாரும் வரவில்லை. "கடலோர வண்டி சார், உப்புக்காற்றில் புஷ் போயிருக்கும்" என்று சொல்லி, ஆக்ஸில் பீமை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் புஷ் இரண்டையும் மாற்றி 7,920 ரூபாய் வாங்கினார்கள்.

அந்த வேலையைக் காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி லிஃப்டில் உயர்ந்து நிற்க, பின்சக்கரங்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை ஏர் கன்னால் இறுக்கி முடித்துவிட்டு வண்டியை இறக்கினார்கள். இறக்கிய பின் அந்தப் போல்ட்டுகளை யாரும் தொடவில்லை. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருப்பது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிய துணி போலவே நின்று சீக்கிரம் கிழியும். வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அடிப்படை. சரியாக ஏழு வாரத்தில், 1,800 கிலோமீட்டர்கூட ஓடி முடிப்பதற்குள், மே 9 அன்று அதே பாலத்தில் அதே 'டொக்' திரும்பவும் கேட்டது. உப்புக்காற்று ஏழு வாரத்தில் புது ரப்பரைக் கிழிக்காது.

வேறு வழியின்றிப் பாம்பனில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்தவர், என் கையையும் அங்கே வைக்கச் சொன்னார். வலப்பக்க ஸ்பிரிங்கில் மணலை அரைப்பது போன்ற கரகரப்பு விரல்களில் ஏறியது. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வலச்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது சிறிய ஆட்டமும் தெரிந்தது. புது புஷ்ஷில் ரப்பர் ஒரு பக்கம் விரிந்து கிழிந்திருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். எல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. அவர் என்னிடம் பணம் வாங்கவில்லை. பேரிங்கை மாற்றும்வரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் எச்சரித்து அனுப்பினார்.

இந்தக் கரையில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. தனுஷ்கோடியின் கடல்முனையான அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்றே கிணற்று நீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவிவிடுகிறேன். கடலோர வண்டி என்று தெரிந்தால் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டுமே ஒழிய, அதையே காரணமாகச் சொல்லிப் பார்க்காமல் விடக்கூடாது. தேய்ந்த பேரிங்கோடு, இருபுறமும் கடல் உள்ள பாலத்தில், பலத்த காற்றில், என் தாயாரை நான்கு மாதம் அழைத்துச் சென்றிருக்கிறேன். அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பதறுகிறது.

ஆகவே, வலப்பக்கப் பின்சக்கர ஹப் பேரிங்கை நான் உடனிருக்கும்போது சோதித்து, அதன் முடிவை எழுத்தில் தர வேண்டும். கிழிந்த புஷ்களைக் கட்டணமின்றி மாற்றி, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது போல்ட்டுகளை இறுக்க வேண்டும். தேவையின்றிச் செய்த அலைன்மென்ட்டுக்கான தொகையைத் திருப்பித் தருவதோடு, ஷாக் அப்சார்பர்களை மாற்றியதற்கான காரணத்தைப் பழைய பாகங்களுடன் காட்ட வேண்டும். காட்ட இயலாவிட்டால் அந்த 8,640 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். மூன்று பில்களின் நகல்களையும், மார்ச் 21 அன்று கொடுத்த தாளின் நகலையும், கிழிந்த புஷ்ஷின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஜூன் 10ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, இதைச் சேவைக் குறைபாடாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

தாயாரை அடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாள் ஜூன் 12. அதற்கு முன் வண்டியை எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்பதையும், என்னுடன் சாலையில் ஓட்டிப் பார்க்க வரும் மெக்கானிக் யார் என்பதையும் எழுதித் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தங்கச்சிமடம்