சோச்சா ஆற்றங்கரைச் சாமியார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நீ இத்தாலியின் திரியெஸ்தேயிலிருந்து கூட்டாளிகளோடு ஸ்லோவேனியாவின் கொபாரித் போய் வந்து அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தோம். சோச்சா ஆற்றுத் தண்ணீர் நிஜமாகவே அந்தப் பச்சையா, இல்லை போனில் ஏதாவது செய்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் சதுக்கத்தில் நிற்கும் சிலையைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரோ சாமியாராம், கவிஞராம், உலகப்போர் வரப்போவதை முன்கூட்டியே சொன்னாராம்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு நீளமாகப் பதில் வரும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நான் சிறு குருமடத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியே வந்து, தமிழ் வாத்தியாராகவே காலத்தை ஓட்டியவன். கவிதை எழுதிய பங்குச் சாமியார் என்றால் சும்மா விடுவேனா? தேடித் தேடிப் படித்தேன்.

பெயர் சிமோன் கிரெகோர்ச்சிச். 1844 அக்டோபர் 15-இல் வெர்ஸ்னோ என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். கெர்ன் மலையின் அடிவாரம் அது. கொபாரித்திலிருந்து பார்த்தால் அந்த மலை தெரிந்திருக்கும். சிறு வயதில் ஆடு மேய்த்த பிள்ளை. அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஜனங்கள் பேசியது ஸ்லோவேனிய மொழி. கெட்டிக்காரப் பையன் என்று கொரித்சா நகரத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் போக ஆசை இருந்தது, வீட்டில் காசு இல்லை. ஏழை வீட்டுப் பையனுக்கு அந்தக் காலத்தில் மேல்படிப்பு என்றால் குருமடம்தான். போனார். 1867-இல் குருப்பட்டம்.

"அப்போது அவருக்கு அழைத்தல் இருந்ததா?" என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். எங்கள் குருமடத்திலும் வறுமையால் வந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கு அருமையான சாமியார்கள். வாசல் எது என்பதை வைத்து மட்டும் ஒருவரை அளக்க முடியாது.

அடுத்த வருஷம் கொபாரித்துக்கு உதவிப் பங்குச் சாமியாராக வந்தார். அங்கே இருந்த ஐந்து வருஷமும் அவர் வாழ்க்கையின் நல்ல காலம். வாசகசாலை தொடங்கினார், பாட்டுக் குழு கட்டினார். சொந்த மொழியில் புத்தகமும் செய்தித்தாளும் படிக்க ஓர் இடம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குப் பெரிய விஷயம். அதே ஊரில் திராகோய்லா மிலெக் என்று ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். இருவருக்கும் ஆழமான நட்பு. சாமியாருடைய கவிதைகளில் அந்தப் பெண்ணின் சாயல் உண்டு என்று எழுதாத ஆளே இல்லை. 1873-இல் சாமியாருக்கு மாற்றல் வந்தது, தெற்கே விபாவா பள்ளத்தாக்கில் உள்ள ரீஹெம்பெர்க்குக்கு. இதைக் காதல் கதையாக்கி விற்பவர்கள் விற்கட்டும். மலையை விட்டுப் போன மனுஷன் கடைசிவரை மலைக்காகவே ஏங்கிப் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஏக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நாம் எதற்குத் தோண்ட வேண்டும்?

சரி, இப்போது உன்னுடைய தீர்க்கதரிசனத்துக்கு வருகிறேன். கவிதையின் பெயரே 'சோச்சாவுக்கு'. 1879-இல் வந்தது. மலையில் இருக்கிறபோது ஆறு துள்ளிக்கொண்டு, தெளிந்த பச்சை நிறத்தில், மலைநாட்டுப் பெண்பிள்ளை நடப்பதுபோல வருகிறது. சமவெளிக்கு இறங்கியதும் நடை தளர்ந்துவிடுகிறது. ஏன் இந்தச் சோகம் என்று கவிஞர் ஆற்றிடமே கேட்கிறார். அப்புறம் பாட்டு திடீரென்று திரும்புகிறது. இந்தக் கரைகளில் இரத்தம் மழையாகப் பெய்யும், ஈயம் ஆலங்கட்டியாகக் கொட்டும், கண்ணீர் ஓடையாக ஓடும் என்கிறார். கடைசியில், நாட்டைப் பிடிக்க வரும் அந்நியரைக் கரை உடைத்து மூழ்கடித்துவிடு என்று ஆற்றைக் கேட்டு முடிக்கிறார். பலிபீடத்தில் நிற்கிற ஒருவர் எழுதிய முடிவு என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

அவர் 1906-இல் இறந்துவிட்டார். 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியாவுக்கு எதிராக முதல் உலகப்போரில் இறங்கியது. 1917 அக்டோபர் வரை அதே ஆற்றங்கரையில் 12 பெரும் சண்டைகள். 11 இத்தாலியர் தொடுத்தவை. கடைசியானது ஆஸ்திரியரும் ஜெர்மானியரும் சேர்ந்து அக்டோபர் 24-ஆம் தேதி கொபாரித் பக்கம் உடைத்துக்கொண்டு வந்தது. இடைப்பட்ட காலத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அவர் ஆடு மேய்த்த ஊருக்கு மேலே இருக்கும் கெர்ன் மலையிலேயே போர்முனை ஓடியது. ஆக, ஜனங்கள் அவரைத் தீர்க்கதரிசி என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடு கிடையாது. நெப்போலியனின் படை 1797-இலும் 1809-இலும் அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறிப்போனது. 1866-இல் ஆஸ்திரியா தோற்று வெனிஸ் பகுதி இத்தாலிக்குப் போனபோது, எல்லைக்கோடு கொபாரித்துக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டதும் இவருடைய மொழி பேசுகிற ஜனங்கள்தான். 1870களில் இத்தாலியில், மீதி நிலத்தையும் மீட்க வேண்டும் என்று இயக்கமே கிளம்பிவிட்டது. எல்லையோரத்தில் குடியிருந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஊர் ஊராகப் பூசை வைத்த ஒருவருக்கு இது தெரியக் காட்சி எதுவும் தேவையில்லை. படை எந்த வழியில் வரும் என்று பாதையோரத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். நம் ஜனங்களுக்கு அற்புதம் என்றால்தான் இனிக்கிறது. கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்தான் என்று சொன்னால் சப்பென்று போய்விடுகிறது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு ஒன்று. 1882-இல் அவருடைய முதல் கவிதைத் தொகுதி வந்தது. ஜனங்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். 1885-இல் மறுபதிப்பு போட வேண்டியிருந்தது. கொரித்சாவின் குயில் என்கிற மாதிரி ஒரு செல்லப் பெயரும் கிடைத்தது. அதே மறைமாவட்டத்தில், கொரித்சா குருமடத்தில் அந்தோன் மாஹ்னிச் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். இவரைவிட ஆறு வயது இளையவர், கூர்மையான ஆள். இலக்கியம் கத்தோலிக்க உண்மைக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1880களில் கிரெகோர்ச்சிச்சை வரிவரியாகப் பிய்த்து எடுத்தார். முக்கியமாக ஒரு கவிதை. கடவுளே, என் சாம்பலிலிருந்து மறுபடி என்ன வேண்டுமானாலும் உண்டாக்கு, மனுஷனாக மட்டும் உண்டாக்காதே என்று கெஞ்சுகிற கவிதை அது. ஒரு குருவானவர் இப்படி எழுதலாமா, இது விரக்தி, விசுவாசத்துக்கு விரோதம் என்றார் மாஹ்னிச்.

தமிழ் வாத்தியாருக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். இறைவனிடம் பிறவாமை வேண்டும் என்று கேட்ட காரைக்கால் அம்மையாருக்கு நாம் கோயிலில் சிலை வைத்திருக்கிறோம். அங்கே ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய வேண்டுதல், இங்கே பக்தி. அதற்காக மாஹ்னிச்சை வெறும் வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. பின்னாளில் அவர் கெர்க் தீவின் ஆயரானார். பழைய ஸ்லாவிய மொழியில் திருவழிபாடு நடக்க வேண்டும் என்று பாடுபட்டார். 1919-இல் இத்தாலியப் படை அவரைப் பிடித்து நாடு கடத்தியது. திரும்பி வந்து 1920-இல் இறந்தார். சோச்சா கவிதையில் வந்த அந்நியன் கடைசியில் கவிஞரை அல்ல, அவரைத் தாக்கியவரைத்தான் வந்து பிடித்தான். இதை ஒரு நாவலில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

கிரெகோர்ச்சிச் என்ன செய்தார்? திருச்சபையை விட்டு வெளியேறவில்லை, அங்கியைக் கழற்றவில்லை. உடம்பும் மனசும் ஏற்கெனவே நலிந்திருந்தன. அதே விபாவா பள்ளத்தாக்கில் கிராதிஷ்சே என்ற சின்ன ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கி, 1882 முதல் 20 வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார். வருத்தம் இருந்தது, இரண்டாம் தொகுதியில் பதிலும் சொன்னார். ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, வயதான காலத்தில் யோபு ஆகமத்தைத் தன் மொழியில் செய்யுளாக்கியதுதான். 1904-இல் வெளிவந்தது. பிறந்த நாளையே சபித்தவன் யோபு. அது வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை யார் என்ன செய்துவிட முடியும்? விரக்தி என்று குற்றம் சாட்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் உண்டா? அவர் அப்படி நினைத்துத்தான் செய்தாரா என்று கேட்காதே. எனக்கு அப்படித்தான் படுகிறது.

அவர் இறந்தது கொரித்சாவில், 1906 நவம்பர் 24. அடக்கம் செய்தது சொந்த மலையடிவாரத்தில், லிபூஷ்னியே ஊருக்கருகே புனித லோரன்ஸ் கோயிலில். போருக்குப் பிறகு அந்தப் பகுதி இத்தாலிக்குப் போனது. பாசிஸ்டுகள் ஸ்லோவேனியப் பள்ளிகளை மூடினார்கள். அப்போது சாமியார்கள்தான் ஞானோபதேசத்தைத் தாய்மொழியில் சொல்லிக்கொடுத்து மொழியைக் காத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆக்கிரமிப்பாளரை எதிர்த்துப் போராடிய பார்ட்டிசான் கொரில்லாப் படை தன் பிரிகேடு ஒன்றுக்கு இவர் பெயரையே வைத்தது. கம்யூனிஸ்டுகள் நடத்திய படைக்குக் கத்தோலிக்கச் சாமியார் பெயர்! மாஹ்னிச் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நீ போன முறை ஆய்வுக்கூட்டத்தில் உன் கட்டுரையை ஒருவர் எல்லார் முன்னாலும் கிழித்தார் என்று அழுதாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் அறிவுரையாக எதுவும் சொல்லப்போவதில்லை. இந்த மனுஷரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அந்தக் கட்டுரையை என்ன செய்தாய்? அடுத்த முறை போனில் சொல்லு.

இன்னொரு வேலை. உன் அறையில் இருக்கும் ஸ்லோவேனியப் பெண்ணிடம் அந்த ஆற்றுக் கவிதையை முழுசாகச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. அவர்கள் பள்ளியிலேயே படித்திருப்பாள். எனக்கு அர்த்தம் தெரியும், ஓசைதான் தெரியாது. ஆறு வேகமெடுக்கிற இடமும் தளர்கிற இடமும் காதில் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் போட்டிருக்கிறாள். வந்ததும் தகவல் சொல்.

அன்புடன்,
அப்பா