விதைக்குக் காசில்லை, படைக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அளவான அரசுக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் என்று அமெரிக்க முன்னாள் அதிபர் குரோவர் க்ளீவ்லாந்தைச் சென்ற இதழ்க் கட்டுரை கொண்டாடியிருந்தது. பாதிதான் சரி.

கை சுத்தமானவர், மறுக்கவில்லை. 1882-ல் அவர் பஃபலோ மேயராக இருந்தபோது, தெரு கூட்டும் ஒப்பந்தத்தை நகரமன்றம் அதிகத் தொகை கேட்டவருக்கே கொடுத்தது. குறைந்த டெண்டரைவிட ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கூடுதல்! மன்றத்தை வெளுத்து வாங்கிவிட்டு அதை ரத்து செய்தார். அதற்கும் முன்பு ஈரி மாவட்டத்தின் ஷெரீஃபாக, அதாவது சட்டம் ஒழுங்கைக் கவனிக்கும் தலைமை அதிகாரியாக இருந்த காலத்தில், தூக்குத் தண்டனையைக் கீழே இருப்பவர் தலையில் கட்டாமல் தானே நிறைவேற்றினார். கட்டுரையில் இது விடுபட்டுப் போனது. பொதுப்பணியை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அதிபரான பிறகும், போர் வீரர்களுக்கான தனிநபர் ஓய்வூதிய மசோதாக்களை ஒவ்வொன்றாகப் படித்து, நூற்றுக்கணக்கில் திருப்பியனுப்பினார்.

1887-ல்தான் சிக்கல். வறட்சியில் நொந்த டெக்சாஸ் விவசாயிகளுக்கு விதை வாங்க 10,000 டாலர் ஒதுக்கும் மசோதாவை நிராகரித்தார். மக்கள் அரசைத் தாங்கலாம், அரசு மக்களைத் தாங்கக் கூடாது, இந்தச் செலவுக்கு அரசமைப்பில் இடமில்லை என்றார். கட்டுரையாளர் இதை மெச்சுகிறார். கொள்கை என்றே வைத்துக்கொள்வோம்.

1894-க்கு வாருங்கள். ரயில் பெட்டி தயாரித்த புல்மன் கம்பெனி கூலியைக் குறைத்தது. தொழிலாளர் குடியிருந்த தன் வீடுகளுக்கு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் வெடித்து, ரயில்கள் நின்றன. இல்லினாய்ஸ் ஆளுநர் ஆல்ட்கெல்ட் படை கேட்கவே இல்லை, அனுப்பியதைக் கண்டித்தும் எழுதினார். ஆனாலும் தபால் தடைபடுகிறது என்று சொல்லி மத்திய ராணுவம் சிகாகோவில் இறங்கியது. இதற்கு வழி வகுத்த அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ஓல்னி யார்? ரயில் கம்பெனிகளின் வக்கீலாக இருந்தவர்! தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை.

தபால் மத்திய அரசின் அதிகாரம்தானே, 1895-ல் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கம்தானே நின்றது என்பார்கள். இருக்கட்டும். விதை விஷயத்தில் அரசமைப்பை அவ்வளவு கறாராகப் படித்தவர், ரயில் விஷயத்தில் ஏன் இவ்வளவு தாராளமாகப் படித்தார்? கட்டுரையில் புல்மன் என்ற பெயரே வரவில்லை. கட்டுரையாளர் அடுத்த இதழில் இதற்கு விளக்கம் தந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்